ஃபார்மட் பண்ணச் சொல்கிறார்கள், அக்கா!

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: லேப்டாப்பில் விளக்கு எரிகிறது, ஆனால் உள்ளே போக முடியவில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். தென்காசியில் 17 வருஷமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். என் மேசையில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

அக்கா, நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. நான்கு நாளாக லேப்டாப்பை ஆன் செய்தால் லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, 'பிரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வருகிறது, பிறகு மறுபடியும் லோகோ. கடையில் காட்டினால் ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடும் என்கிறார்கள். என் ஆய்வேட்டின் மூன்று இயல்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன. என்ன செய்ய?
*— சங்கரன்கோவில் வாசகி*

பதறாதீர்கள் தங்கச்சி. கடைக்காரர் மேல் கோபமும் வேண்டாம். ஃபார்மட் பண்ணினால் லேப்டாப் ஓடும் என்று அவர் சொன்னது பொய்யில்லை. உங்கள் மூன்று இயல்களும் போய்விடும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

2015-இல் என் கையாலேயே அப்படி ஒன்று நடந்தது. ஒரு பெரியவர் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்து, "ஓடினால் போதும்மா" என்றார். நானும் ஃபார்மட் பண்ணி, விண்டோஸ் ஏற்றி, மறுநாள் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, "படமெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டார். இறந்துபோன மனைவியின் படங்கள். அன்றிலிருந்து என் நோட்டில் லேப்டாப்பின் பெயருக்குப் பக்கத்தில் 'உள்ளே இருப்பது வேண்டுமா?' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கொண்டுவந்தவரின் கையெழுத்து விழாமல் ஸ்குரூ டிரைவரைத் தொடுவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லோகோ வந்து ரிப்பேர் வரைக்கும் போகிறது என்றால் மதர்போர்டும் திரையும் வேலை செய்கின்றன, நிற்பது விண்டோஸ்தான். கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதலில் லேப்டாப்பைத் தொடாமல் ஒரு வேலை செய்யுங்கள். லேப்டாப்பில் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கை போனில் திறந்து ஒன்டிரைவை, அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடத்தைப் பாருங்கள். நமக்கே தெரியாமல் டெஸ்க்டாப்பும் டாக்குமெண்ட்ஸும் அதில் ஏறிக்கொண்டிருப்பது உண்டு. இரண்டு பேர் என் கடை வாசலில் நின்றபடியே போனில் பார்த்து, அழுகையை நிறுத்தியிருக்கிறார்கள்.

அங்கே இல்லையென்றால் லேப்டாப்பை ஆன் செய்து, காதைக் கீழே வைத்துக் கேளுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்து, 'டிக்... டிக்...' என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி ஆன் செய்யவே வேண்டாம். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். தரவு மீட்பு மட்டுமே செய்பவர்களிடம் கொண்டுபோவதுதான் வழி.

சத்தம் இல்லையா? நல்லது. ஒரு பென்டிரைவைச் செருகிக்கொள்ளுங்கள். ரிப்பேர் முடியாமல் நீலத்திரை வரும்போது 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'டிரபிள்ஷூட்', மறுபடி 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று போங்கள். அந்தத் திரை வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால், புள்ளிகள் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் வந்துவிடும்.

கறுப்புக் கட்டம் திறந்ததும் 'நோட்பேட்' (notepad) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். விண்டோஸே ஏறாத லேப்டாப்பில் நோட்பேட் திறக்கும். அதில் 'ஃபைல்', 'ஓப்பன்' போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் உங்கள் கோப்புகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரைத் தேடுங்கள். வழக்கமான 'சி' இங்கே 'டி' என்றோ 'இ' என்றோ எழுத்து மாறியிருக்கலாம், குழம்ப வேண்டாம். ஆய்வேட்டு ஃபோல்டரின் மேல் வலது கிளிக், காப்பி. பென்டிரைவுக்குள் போய் வலது கிளிக், பேஸ்ட். அவ்வளவுதான். காப்பி ஆகும்போது பச்சைப் பட்டையெல்லாம் காட்டாது, உறைந்துபோனது மாதிரி நிற்கும். கை வைக்காமல் காத்திருங்கள். முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றி இன்னொரு கணினியில் போட்டு, மூன்று இயல்களையும் திறந்து, கடைசிப் பக்கம் வரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம்தான் ரிப்பேர். அதே நீலத்திரையில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கும். நான்கு நாளைக்கு முன் அப்டேட் ஏதாவது ஏறியிருந்தால் அதை நீக்கிப் பாருங்கள். சரியாகவில்லையா, 'சிஸ்டம் ரிஸ்டோர்'. அதுவும் கைகொடுக்காவிட்டால் 'ரீசெட் திஸ் பிசி'. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்களாக நிறுவிய மென்பொருள்கள் போய்விடும், கோப்புகள் நிற்கும். இந்தக் கட்டத்தில் கடைக்காரரிடமே கொடுத்து ஃபார்மட் பண்ணினாலும் நஷ்டம் இல்லை.

எஸ்எஸ்டி, அதாவது சுழலாத புதுவகை டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கை அவசரத்தில் ஃபார்மட் பண்ணிவிட்டாலும் ஓரளவு மீட்கலாம். எஸ்எஸ்டியில் அழித்த இடத்தை அதுவே சுத்தமாகத் துடைத்துவிடும், மீட்பது அநேகமாக முடியாது.

வணக்கம் அக்கா. ஆறு வருஷம் ஆன லேப்டாப். பவர் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. மதர்போர்டு போயிருக்கும் என்கிறான் நண்பன். புதிதாக வாங்க இப்போது வசதியில்லை.
*— அம்பாசமுத்திரம் கல்லூரி மாணவர்*

தம்பி, போர்டு என்று முடிவுகட்ட இன்னும் நேரம் இருக்கிறது. ஆன் செய்து இரண்டு நிமிஷம் கழித்து கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். அந்தக் குட்டி விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் உள்ளே உயிர் இருக்கிறது, கோளாறு பெரும்பாலும் திரைப் பக்கம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். சில சமயம் அதிலேயே படம் வந்துவிடும். வராவிட்டால் அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்து தெரிந்தால் பின்னொளி மட்டும்தான் போயிருக்கிறது. வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ ஒயரைச் செருகிப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

கேப்ஸ் லாக் அசையவே இல்லையா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை முழுதாக 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது ரேமை, அதாவது தற்காலிக நினைவகப் பட்டையைத்தான். ஆனி, ஆடியில் இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டால் என் மேசைக்கு இந்த மாதிரி லேப்டாப்புகள் கூடிவிடும். ஒருமுறை ஒரு மளிகைக் கடை லேப்டாப்பைத் திறந்தேன். ரேம் செருகும் பள்ளத்தில் கடுகை விடச் சின்னதாக வெள்ளை முட்டைகள், அவற்றைச் சுற்றி எறும்பு வரிசை. பிரஷால் தள்ளி, துடைத்து, ரேமைத் திரும்பச் செருகினேன். ஓடியது. இன்றைக்கும் அவர் அதில்தான் பில் போடுகிறார்.

நீங்களே செய்ய நினைத்தால் ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, ஒவ்வொரு ஸ்குரூவையும் அது இருந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். நீள ஸ்குரூவை மாற்றிப் போட்டால் மேல்பக்கம் குத்திக்கொண்டு வரும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி ஒயரைக் கழற்றுவது. ரேமின் இரு பக்கமும் உள்ள கொக்கிகளை விலக்கினால் அது தானாக எழும்பிச் சாயும். தங்க நிறப் பற்களை, பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். துகளை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும், பிரஷால் தட்டிவிடுங்கள். சாய்வாகச் செருகி, 'டக்' என்று விழும் வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், கெட்டது எது என்று தெரியும். சில மெல்லிய லேப்டாப்புகளில் ரேம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அப்படியிருந்தால் மூடிவிட்டு யாரிடமாவது கொண்டுபோங்கள்.

லேப்டாப்புக்குப் புது மதர்போர்டு மாற்றினோம். இப்போது 48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கேட்கிறது. அப்படி ஒன்று நாங்கள் வைக்கவே இல்லையே?
*— ராஜபாளையம் வாசகர்*

நீங்கள் வைக்கவில்லை ஐயா, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லேப்டாப்பை முதலில் தயார்செய்தபோதே விண்டோஸ் உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் பூட்டியிருக்கும். அந்தப் பூட்டுதான் பிட்லாக்கர். பூட்டின் சாவி பழைய போர்டோடு போய்விட்டது, அதனால் உங்களிடம் கேட்கிறது. போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் 'ரெக்கவரி கீ' இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப் திரையில் காட்டும் 'கீ ஐடி'யின் முதல் எட்டு எழுத்தோடு ஒத்துப்பார்த்து எடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் இல்லையென்றால், வாங்கிய அன்று யார் கணக்கில் திறந்தீர்கள் என்று யோசியுங்கள். மகன், மருமகள், ஏன், விற்ற கடைக்காரராகவும் இருக்கலாம்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை நீக்கினால் போதும் என்று தெரிந்த பிறகும், இந்த 48 இலக்கம் கையில் இல்லாமல் தவித்த அலுவலகங்கள் உண்டு. பணம் கொடுத்தால் உடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆன் ஆகவில்லை. டச்பேட் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. அழுத்தி ஒட்டினால் சரியாகுமா?
*— கடையநல்லூர் வாசகி*

வேண்டாம் அம்மா, அழுத்தவே அழுத்தாதீர்கள்! அடியில் பேட்டரி உப்பியிருக்கிறது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். சார்ஜரை இப்போதே கழற்றுங்கள். மெத்தை, தலையணை பக்கத்தில் இல்லாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வெறும் சிமெண்டுத் தரையில் வையுங்கள். நாளைக்குக் காலையில் கடைக்குக் கொண்டுபோய், "பேட்டரி உப்பியிருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிக் கொடுங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் அவர்களிடமே விட்டுவிடுங்கள். புது பேட்டரி போட்டதும் ஆன் ஆக வாய்ப்பு உண்டு.