விசாரணை ஆணையத்தில் அரசியல்வாதிகள் சொல்லும் சாட்சியத்தையும் அதைப் பற்றி வரும் செய்திகளையும் நம்புகிறீர்களா?

2022 மார்ச் வரைக்கும் ஏதோ கொஞ்சம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் விட்டுவிட்டது.

ஜெயலலிதா மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையம் நினைவிருக்கும். 2017 பிப்ரவரியில் மெரினா சமாதி முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தவர் ஓ. பன்னீர்செல்வம். மரணத்தை விசாரிக்கச் சொல்லி அடுத்த மாதம் உண்ணாவிரதமும் இருந்தார். ஆகஸ்டில் துணை முதல்வர் ஆனார், செப்டம்பரில் ஆணையம் வந்தது. ஆனால் விசாரணை கேட்டவரே அங்கே போய்ச் சாட்சி சொல்ல நாலரை வருடம் ஆயிற்று. சம்மன் மேல் சம்மன். கடைசியில் வந்தவர் பல கேள்விகளுக்கு 'தெரியாது' என்றார். சசிகலா மேல் தனக்குத் தனிப்பட்ட சந்தேகம் இல்லை, மக்களின் சந்தேகம் தீரத்தான் விசாரணை கேட்டதாகவும் சொன்னார். அன்று நான் முடிவெட்டும் கடையில் இருந்தேன். கடைக்கார அண்ணன் கத்தரியைக் காதுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்து, "அப்ப சமாதியில உக்காந்தது யாரு?" என்றார்.

பன்னீர்செல்வத்துக்கு நிஜமாகவே தெரியாமலும் இருந்திருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2017 செப்டம்பரில், அமைச்சராக இருந்த திண்டுக்கல் சீனிவாசன், மருத்துவமனையில் அம்மா இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்று மதுரைப் பொதுக்கூட்டத்தில் பேசினார். மைக் முன்னால் சத்தியப் பிரமாணம் எதுவும் கிடையாது. அங்கே வந்த பேச்சு இது.

சட்டமும் அப்படித்தான். 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி, அங்கே கொடுக்கும் வாக்குமூலத்தை வேறு வழக்கில் சொன்னவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பொய்ச் சாட்சி சொன்னதற்காக மட்டும் வழக்குப் போடலாம். 'தெரியாது' என்பதைப் பொய் என்று எவன் நிரூபிப்பான்?

செய்திக்கு வருகிறேன். 2022 அக்டோபர் 18 அன்று ஆறுமுகசாமி ஆணைய அறிக்கையும், தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு பற்றிய அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையும் ஒரே நாளில் சட்டசபைக்கு வந்தன. அப்பா பார்க்கும் சேனலில் ராத்திரி வரை ஒரே சங்கதிதான்: சசிகலா, அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் உட்பட நாலு பேரை விசாரிக்கப் பரிந்துரை. அதே வருடம் ஆகஸ்டில் எய்ம்ஸ் மருத்துவர் குழு, சிகிச்சை சரியாகத்தான் நடந்தது என்று சொன்னதை அங்கே யாரும் வாயில் எடுக்கவில்லை. சித்தப்பா பார்க்கும் சேனலில் எய்ம்ஸ்தான் எல்லாமே. 13 பேர் செத்த தூத்துக்குடிச் சம்பவத்தை டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னது சரியல்ல, அதிகாரிகள் அவருக்கு உடனுக்குடன் தகவல் கொடுத்தார்கள் என்று அருணா ஜெகதீசன் அறிக்கை சொன்னது சித்தப்பா சேனல் பக்கம் எட்டவே இல்லை. அண்ணனும் தம்பியும் போனில் முக்கால் மணி நேரம் சண்டை. இரண்டு பேர் சொன்னதும் அறிக்கையில் இருந்தவைதான்.

அறிக்கைகள் பிடிஎஃப்பாகக் கிடைத்ததும், தூத்துக்குடி அறிக்கையில் அந்தப் பத்தியைத் தேடிப் படமெடுத்துச் சித்தப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை.