போலீஸை வீடியோ எடுத்தால் உள்ளே தள்ளிவிடுவார்களா?

கேள்வி: இரவு வண்டிச் சோதனையில் என்னை நிறுத்தியிருந்தார்கள். அப்போது பக்கத்தில் தள்ளுவண்டிக்காரர் ஒருவரை எஸ்.ஐ. கன்னத்தில் அறைந்தார். நான் அதை செல்போனில் எடுத்தேன். அவர் போனைப் பிடுங்கி, லாக்கைத் திறக்கச் சொல்லி, வீடியோவை அழித்துவிட்டு, 'அஃபிஷியல் சீக்ரெட்ஸ் ஆக்ட்ல உள்ள போயிடுவ' என்று மிரட்டி அனுப்பினார். எடுத்தது தப்பா? இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: சட்டத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் போனைப் பாருங்கள். அழித்த வீடியோ உடனே காணாமல் போய்விடாது. கேலரியில் 'சமீபத்தில் நீக்கியவை' அல்லது 'டிராஷ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், ஐபோனிலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் 30 நாள் வரை அங்கேயே கிடக்கும், கூகுள் ஃபோட்டோஸில் ஏற்கெனவே பேக்கப் ஆகியிருந்தால் 60 நாள். அவசரத்தில் அழிக்கிறவர்கள் அந்த ஃபோல்டரை மறந்துவிடுவதுண்டு. அதையும் காலி செய்திருந்தால் மீட்பது கடினம், ஆனாலும் அந்தப் போனில் புதிதாக எதையும் எடுக்காமல், இறக்காமல் வையுங்கள்.

அந்த மிரட்டலுக்கு வருகிறேன். அலுவலக ரகசியச் சட்டம் 1923ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்டது, அதன் 3ஆம் பிரிவு உளவு பார்ப்பதைப் பற்றியது. ராணுவ நிலை, ஆயுதக் கிடங்கு போன்ற 'தடைசெய்யப்பட்ட இடங்கள்' எவை என்று சட்டமே சொல்கிறது, அதில் காவல் நிலையம் இல்லை. ஸ்டேஷனுக்குள் வீடியோ எடுத்ததற்காக ஒருவர்மேல் போட்ட வழக்கை பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022இல் இதே காரணத்தைச் சொல்லித்தான் ரத்து செய்தது. வேறு மாநிலத் தீர்ப்பு என்பதால் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் சட்டம் மத்திய சட்டம், வாசகம் ஒன்றுதான், இங்கும் தாராளமாக எடுத்துக்காட்டலாம். ஸ்டேஷனே ரகசிய இடம் இல்லை என்றால் நடுரோடு எப்படி ஆகும்?

ஆக, பொது இடத்தில் கடமையில் இருக்கும் போலீஸைப் படம் எடுப்பதைக் குற்றம் என்று சொல்லும் பிரிவு எதுவும் இல்லை, அரசியலமைப்பின் 19(1)(அ) தரும் கருத்துரிமையின் துணையும் உங்களுக்கு உண்டு. கேரளம் இன்னும் ஒரு படி மேலே போய், 2011ஆம் ஆண்டு காவல் சட்டத்தின் 33(2)இல், போலீஸ் நடவடிக்கையைப் பொதுமக்கள் சட்டப்படி வீடியோ எடுப்பதை எந்த அதிகாரியும் தடுக்கக் கூடாது என்றே எழுதிவைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு வரி இல்லை, இருந்திருந்தால் உங்கள் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வீடியோ எடுத்தார் என்று யாரும் எஃப்.ஐ.ஆர். எழுதுவதில்லை, 'பணி செய்ய விடாமல் தடுத்தார்' என்றுதான் எழுதுவார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 221ஆம் பிரிவுக்கு மூன்று மாதம் வரை சிறை, அதைக்கூடச் சமாளிக்கலாம். தள்ளினார், கையைப் பிடித்தார் என்று சேர்த்துவிட்டால் 132ஆம் பிரிவு வந்துவிடும், அதில் ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் மனம் வைத்தால்தான் உண்டு. அதனால் அடுத்த முறை நாலடி தள்ளி நின்றே எடுங்கள், பின்னால் போ என்றால் போய்விடுங்கள், போய்க்கொண்டே எடுங்கள், அதிகாரியின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டி 'உங்க பேர் என்ன சார்' என்று ஆரம்பிக்கும் இன்ஸ்டாகிராம் வீரம் வேண்டவே வேண்டாம். கேமராவைப் போன் லாக்கைத் திறக்காமலேயே இயக்க முடியும், அப்படியே இயக்குங்கள். லாக்கைத் திறந்து காட்டச் சொல்லி நடுரோட்டில் கட்டாயப்படுத்த அவருக்கு அதிகாரம் இல்லை, பணிவாக மறுக்கலாம்.

போனைப் பிடுங்கியதும் அழித்ததும் தனித்தனித் தவறு. உங்கள் வீடியோ ஏதோ ஒரு குற்றத்துக்குச் சாட்சியம் என்று அவர் நினைத்திருந்தால் பி.என்.எஸ்.எஸ். (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 106இன்படி போனைக் கைப்பற்றலாம், ஆனால் அதற்கு மகஜர், அதாவது என்ன எடுத்தோம் என்ற பதிவு, எழுத வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். அதைவிட, 105ஆம் பிரிவுப்படி கைப்பற்றுவதை போலீஸே வீடியோ எடுத்தாக வேண்டும் (ஆமாம், அவர்களே, செல்போனில்). சாட்சியம் இல்லை என்று நினைத்தால் போனைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். இந்த இரண்டில் எதிலும் 'அழித்துவிட்டுக் கொடுப்பது' என்று ஒன்று கிடையாது. சாட்சியமாகக் கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் குற்றம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அவர்கள் கையில் இருக்கும் கேமராவை நம்பி இருக்க முடியாது. 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இறந்தபோது ஸ்டேஷனின் சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் பதிவு செய்தார். எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது அதே ஆண்டு டிசம்பரில். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்த வழக்கில் உயர்நீதிமன்றம் வரை போய் நின்றது, யாரோ ஒருவர் மறைந்திருந்து எடுத்த ஒரு சிறு செல்போன் வீடியோதான்.

வீடியோ திரும்பக் கிடைத்தால் வெட்டவோ, பாட்டுப் போடவோ, எழுத்துச் சேர்க்கவோ வேண்டாம். அசல் அந்தப் போனிலேயே இருக்கட்டும், நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் தரம் குறைந்துவிடும். நகலை நீதிமன்றத்தில் கொடுக்க பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும், அதில் ஃபைல் மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணும் கேட்பார்கள், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார். சமூக ஊடகத்தில் உடனே போடாதீர்கள். அந்தத் தள்ளுவண்டிக்காரர் நாளைக்கும் அதே தெருவில் பிழைக்க வேண்டியவர், அவரிடம் கேட்காமல் அவர் முகத்தை ஊருக்குக் காட்டுவது நியாயமில்லை. குழந்தைகளோ பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களோ இருக்கும் காட்சி என்றால் முகத்தைக் காட்டுவதே குற்றமாகிவிடும்.

வீடியோ கிடைக்காவிட்டாலும் புகார் செத்துவிடாது. எதிரே இருந்த கடைகளின் கேமரா பதிவு சில நாட்களில் அழிந்துவிடும், இன்றைக்கே போய்க் கேளுங்கள். இடம், நேரம், ரோந்து வண்டி எண் இருந்தால் பெயர் தெரியாவிட்டாலும் யார் பணியில் இருந்தார் என்பது அவர்கள் பதிவேட்டிலேயே இருக்கும்.

புகாரை மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரம் என்றால் கமிஷனருக்கு, பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் புகார் ஆணையம் ஒன்று உண்டு, ஆனால் மாநில அளவில் உள்துறைச் செயலரும் மாவட்ட அளவில் கலெக்டரும் தலைவர்கள். ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் சுதந்திரமாக இருக்கட்டும் என்று உச்சநீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் சொன்னது எங்கே, இது எங்கே! எனவே நான் மாநில மனித உரிமை ஆணையத்தைத்தான் சொல்வேன். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு 2021இல் தீர்ப்பளித்திருக்கிறது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. மனுவில் பிரிவு எண்களை அடுக்காதீர்கள், பார்த்ததைப் பார்த்த வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், போன் பிடுங்கப்பட்டது, லாக் திறக்க வைத்தது, அழித்தது மூன்றையும் தனித்தனி வாக்கியமாக.