முதல் பவளம் வாங்கும் முன் தொட்டியில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு கோமாளி மீன்கள் நலமாக இருக்கின்றன. அமோனியா, நைட்ரைட் இல்லை, நைட்ரேட் லிட்டருக்கு 30 மில்லிகிராம். மணலில் பழுப்புப் படலம் படிகிறது. பவளம் வைக்கலாமா? எதை வாங்குவது?

பதில்: இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். கோமாளி மீன் தாங்குகிற ஏற்ற இறக்கத்தைப் பவளம் தாங்காது. அளவுகள் சற்று முன்பின் இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும்; தினமும் மாறினால்தான் சுருங்கிப்போகும்.

உங்கள் ஊரில் முதல் சிக்கல் வெப்பம். காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் நீரின் வெப்பத்தை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு டிகிரிக்கு மேல் மாறக் கூடாது. 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால், பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். விசிறி வைத்தால் சற்றுக் குறையும்தான், ஆனால் ஈரப்பதம் மிகுந்த காற்றில் பலன் குறைவு. நீரைக் குளிர்விக்கும் சில்லருக்குச் செலவழிப்பதே நல்லது. விலையுயர்ந்த விளக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது உப்பு. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த மட்டத்தைத் தினமும் நன்னீரால் நிரப்புங்கள், உப்புநீரால் அல்ல. தானாக நிரப்பும் கருவி இருந்தால் இன்னும் நிம்மதி. உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருக்கட்டும். லிட்டருக்குச் சுமார் 37 கிராம் உப்பு போதும். கலந்த பின் அளந்து சரிசெய்யுங்கள். உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி திட்டக் கரைசலில் சரிபாருங்கள். வெறும் நீரில் பூஜ்யம் காட்டும் கருவிகூட 35-ல் பிசகலாம்.

குழாய்நீரை நேரடியாக ஊற்றாதீர்கள்; கார்பன், ஆர்ஓ சவ்வு, டிஐ ரெசின் உள்ள வடிகட்டியில் வடித்து ஊற்றுங்கள். அதில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோராமின் இருக்கிறது, ஒரு நாள் திறந்து வைத்தாலும் போகாது. கார்பன் அதை உடைக்கும்போது அமோனியா மிஞ்சும். அதில் ஒரு பங்கு ஆர்ஓ சவ்வைத் தாண்டி வந்துவிடும். அதைப் பிடிப்பது டிஐ ரெசின். வடித்த நீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டாவிட்டால் ரெசினை மாற்றுங்கள்.

நைட்ரேட் 30 எளிய பவளங்களைக் கொல்லாது, ஆனால் பாசியை வளர்க்கும். வாரம் 20 சதவீதம் நீர் மாற்றினால் 30 என்பது 24, 19, 15 என இறங்கும். இடையில் தீனி சேர்வதால் இதைவிடச் சற்று மெதுவாகவே குறையும். 5 முதல் 15 வரை இருக்கட்டும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை. இரண்டையும் பூஜ்யமாக்க முயலாதீர்கள். பவளம் மெலியும், குமிழ்களோடு சளி இழையாகத் தொங்கும் டைனோ பாசி வர வாய்ப்பு கூடும். உங்கள் மணலில் இருப்பது தூள்போல் எளிதில் கலைந்தால் அது டயாட்டம் என்ற பழுப்புப் பாசி, புதுத் தொட்டியில் வழக்கமாக வருவது, தானே அடங்கும். ஆல்கலினிட்டி (நீரின் காரத்தன்மை) டிகேஹெச் அலகில் 8 முதல் 9 இருந்து, அடுத்தடுத்த சோதனைகளிலும் மாறாமல் நிற்க வேண்டும். மென்பவளங்களுக்குக் கால்சியம் மருந்து தேவையில்லை, நீர் மாற்றமே போதும்.

நீரோட்டம் உண்டாக்கும் வேவ் பம்ப் மணிக்கு 1,500 முதல் 2,000 லிட்டர் தள்ளட்டும், ஆனால் பவளத்தின் மீது நேராக அடிக்க வேண்டாம். விளக்கை 30 சதவீதத்தில், 8 மணி நேரத்தில் தொடங்கி, வாரம் 5 சதவீதம் கூட்டுங்கள்.

முதலில் டிஸ்கோசோமா காளான் பவளம், பிறகு ஸோவாந்தஸ், தோல் பவளம். கிரீன் ஸ்டார் பாலிப்பைத் தனிக் கல்லில் வையுங்கள், இல்லையேல் பாறை முழுவதும் படர்ந்துவிடும். ஸோவாந்தஸ் வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடவோ வெட்டவோ கூடாது. அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடவே கூடாது, ஆவியை முகர்வதே ஆபத்து.

வாங்கி வந்ததும் பவளக் குளியல் மருந்தில், புட்டியில் சொன்ன அளவிலும் நேரத்திலும் முக்கி எடுங்கள். கடை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பூச்சி முட்டைகள் மருந்துக்கு அசையாது. அடிக்கட்டையைச் சுரண்டிப் பாருங்கள். மீனுக்குத் தாமிர மருந்து தர வேண்டியிருந்தால் வேறு தொட்டியில் கொடுங்கள்.

தோல் பவளம் சில நாள் மூடிக்கொண்டு, மேலே மெழுகுபோல் பளபளக்கும் படலம் கட்டும். அது தோலுரிப்பு. இடம் மாற்றாமல் நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டுங்கள். படலம் உரிந்ததும் விரியும். அடிப்பகுதி கரைந்து நாற்றம் வந்தால் மட்டும் அன்றே வெளியே எடுத்து, கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, நீரை மாற்றிப் புதுக் கார்பன் போடுங்கள்.