சலம் போகுதுதானே, பிறகேன் கையில் ஒப்பரேசன்?

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது, செட்டிகுளத்தில் வயல் செய்கிறார். சீனி வருத்தம் இல்லை, பிரஷரும் பெரிதாக இல்லை. சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியேற்றினின் இரத்தத்தில் ஏறி ஏறி, இப்போது சிறுநீரக நோயின் கடைசிக் கட்டமான ஐந்தாம் நிலையாம். மெசினில் இரத்தம் சுத்தம் செய்யும் டயலிசிஸுக்காகக் கையில் செய்யும் பிஸ்டுலா ஒப்பரேசனுக்குக் கிளினிக்கில் துண்டு தந்தும் போகமாட்டாராம். “சலம் நல்லாப் போகுது. டயலிசிஸ் துவங்கினால் பிறகு விடேலாது” என்கிறார். நெருஞ்சில் கசாயம்தான் குடிக்கிறார். என்ன செய்ய? – ஒரு மகள்

பதில்: சலம் போவது வேறு, கழிவு போவது வேறு. பழுதான சிறுநீரகம் தண்ணீரை விட்டுவிடும். யூரியாவும் பொட்டாசியமும் உள்ளேயே தங்கும். கிளினிக்கில் இந்தக் கதையைக் கேட்காத கிழமை இல்லை.

மற்றப் பயம் பாதி உண்மை. இந்த நிலையில் டயலிசிஸ் துவங்கினால், மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை தொடரத்தான் வேண்டும். கிழமைக்கு 2, 3 தரம், தரத்துக்கு 4 மணித்தியாலம். ஆனால் விட முடியாமல் பண்ணுவது நோய், மெசின் அல்ல. அதோடு, பிஸ்டுலா செய்தால் நாளைக்கே டயலிசிஸ் என்றில்லை. கையில் நாடியையும் நாளத்தையும் பொருத்திவிட்டால், அந்த நாளம் தடித்து ஊசி தாங்க 6 கிழமையாவது செல்லும். சிலருக்கு 3 மாதம். துண்டை மடித்து வைத்தவர்கள் எப்படி வருகிறார்கள் என்று அப்பாவுக்குச் சொல்லுங்கள். நெஞ்சில் நீர் கட்டி, படுக்க ஏலாமல், சாமத்தில் ஓட்டோவில் குந்தியபடி. கழுத்தில் குழாய் போட்டுத்தான் துவங்குவோம். அதன் வழியே கிருமி நேரே இரத்தத்தில் ஏறலாம், உயிரும் போகலாம்.

பிஸ்டுலாவுக்காகச் சாப்பிடாத கையில் இன்றிலிருந்தே இரத்தம் எடுக்கவோ சேலைன் ஏற்றவோ விடாதீர்கள். பிஸ்டுலா செய்தபின் பிரஷரும் அந்தக் கையில் பார்க்கக்கூடாது, நெல் மூட்டையும் தூக்கக்கூடாது. பிஸ்டுலாவைத் தொட்டால் விர்ரென்று அதிரும். அதிர்வு நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கசாயத்தை நிறுத்துங்கள். அதைவிட எனக்குப் பயம், பார்க்க வரும் சொந்தக்காரர் “குளிர்ச்சி” என்று கொண்டுவரும் செவ்விளநீர்தான். அதிலுள்ள பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். காமரங்காய் வாயிலும் வைக்கக்கூடாது. நாரி உழைவுக்கு டைக்குளோபினாக் என்ற நோவுக் குளிசை வேண்டாம்.

மதவாச்சி, பதவியாப் பக்கம் 1990களில் பிடிபட்ட, காரணம் தெரியாத சிறுநீரக நோயின் சாயல்தான் அப்பாவுக்கும் தெரிகிறது. தண்ணீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும், வயல் மருந்து, வெயிலில் உடம்பு வற்றுவது என்று பலதையும் சந்தேகிக்கிறார்கள், ஒன்றும் முடிவாகவில்லை. ஆகவே கிணற்றை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இருக்காமல், அதே வயலில் இறங்கும் சித்தப்பாமாரையும் கூட்டிப்போய் கிரியேற்றினின் பாருங்கள். சலத்தில் புரதம் இல்லை என்ற ரிப்போர்ட் போதாது. இந்த நோயில் ஆரம்பத்தில் அது அவ்வளவாகக் காட்டாது. நாளைக்கு அவர்களில் ஒருவர் சிறுநீரகம் கொடுக்க முன்வந்தாலும் முதலில் இந்தச் சோதனைதான் கேட்பார்கள்.