14 மாதமாகியும் மகன் தனியாக நடக்கவில்லை. மாமியார் சொல்வதுபோல் வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். உங்கள் மாமியார் மனதில் இருப்பது ஊரில் பார்த்த மர நடைவண்டியாக இருந்தால் அது வேறு கதை. அதைப் பிள்ளை தன் காலில் நின்றுதான் தள்ள வேண்டும். இப்போது கிடைக்கும் சக்கர வாக்கரில் எடையை இருக்கையே தாங்கிவிடுகிறது. கால் நுனியால் உந்தினால் போதும், ஹாலிலிருந்து சமையலறைக்குப் போய்விடலாம். விழாமல் நிற்கப் பழகும் வேலையே அங்கே இல்லை. படியில் உருள்வது, சூடானதை எட்டி இழுப்பது என்று ஆபத்து வேறு. கனடா 2004-லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

14 மாதம் தாமதமும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப்படி, நலமான பிள்ளைகள் தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழு 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. நடக்கப் பழகும் பிள்ளைகளை இஷ்டத்துக்கு விளையாட விட்டு எண்ணிப் பார்த்தார்கள். சராசரியாக மணிக்கு 2,368 காலடிகள், 17 தடவை விழுதல்! அதுவும் நேராகப் போவதில்லை. இரண்டடி வைக்கும், நிற்கும், திரும்பும், சும்மா பக்கவாட்டில் போகும். நன்றாகத் தவழ்கிற பிள்ளை அதை விட்டுவிட்டு இப்படித் தள்ளாடுவானேன்? நடந்தால் அதிக தூரம் போக முடிகிறது. போன தூரத்தோடு ஒப்பிட்டால், தவழ்ந்தபோது விழுந்ததைவிட அதிகமாக விழுவதும் இல்லை. கால்களை அகட்டி, கைகளைத் தூக்கி வைக்கும் அந்த நடை சீராவதற்கு வயதைவிடப் பழக்கமே முக்கியம்.

ஆகவே இடம் கொடுங்கள். வீட்டில் வெறுங்கால் நல்லது, டைல்ஸ் தரையில் சாக்ஸ் வழுக்கும். கனத்த டயப்பரும் நடையைக் கெடுக்கும், கொஞ்ச நேரம் கழற்றி விடலாம். தரையைத் துடைக்கும் வேலை உங்கள் பாடு! என் மகளுக்குப் பழக்கம் வந்ததெல்லாம் எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே, வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில்தான். அங்கே சக்கர நாற்காலிக்கான சரிவுப் பாதை இருந்தால் மட்டும் கூடவே நில்லுங்கள். தவழும்போது சரிவைக் கண்டு தயங்கிய பிள்ளைகூட, நடக்கத் தொடங்கியதும் யோசிக்காமல் இறங்கிவிடும். அந்தப் பாடத்தை அது முதலிலிருந்து படிக்க வேண்டும்.

18 மாதமாகியும் நடக்காவிட்டால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு பக்கக் காலை மட்டும் இழுத்தாலோ, எப்போதும் நுனிக்காலிலேயே நின்றாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம்.