மகள் வீட்டு ஹீட் பம்புக்காக அம்மா டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். குலசேகரத்தில் இருக்கிறேன். வயது 63, ஓய்வு பெற்ற ஆசிரியை. பென்ஷன் வருகிறது, ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 10 லட்சம் போட்டு 14 மாதம் ஆகிறது. மகள் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் நர்ஸ். போன வருடம் வாங்கிய பழைய வீட்டில், மண்ணுக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் ஜியோதெர்மல் ஹீட் பம்ப் இருக்கிறது. மெஷினுக்கு வயது 15. பராமரிப்புக்கு வருடம் 300 டாலர், 10 வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 2,500 டாலர் என்கிறது ஒரு கம்பெனி. ஜனவரியில் கரண்ட் பில் இரண்டு மடங்கு வந்ததால் பிள்ளைகள் பயந்துபோய் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் கட்டவே சரியாக இருக்கிறது என்கிறாள் மகள். டெபாசிட்டை எடுத்து இரண்டே கால் லட்சம் அனுப்பிவிடலாமா? நம் வீட்டுக்கும் இதையே போடலாம் என்கிறார் மருமகன். அது சரிவருமா?

பதில்: அம்மா, டெபாசிட்டில் கை வைக்காதீர்கள். அந்த 10 வருட ஒப்பந்தமும் வேண்டாம். மெஷினுக்குப் பராமரிப்பு கட்டாயம் வேண்டும், அதற்கு வழி சொல்கிறேன்.

முதலில் உங்கள் பணம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவைக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். ஓராண்டு முடிந்து இரண்டாண்டுக்குள் மூடினால் அசலில் 1.5 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு அது 15,000 ரூபாய். அதைவிடப் பெரிய நஷ்டம், 8.2 சதவீத வட்டி கைவிட்டுப் போவது. நீங்கள் போட்ட அன்றைக்கு இருந்த வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 ரூபாய் உங்களுக்கு வருகிறது. ரப்பர் வைத்திருப்பவருக்கு இந்தப் பணத்தின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. இலை உதிரும் காலத்தில் பால்வெட்டு நின்றுபோகும். ஏப்ரல் தொடக்கத்தில் வட்டி வரும்போதுதான் ரெயின் கார்டு (பால்வெட்டில் மழைநீர் படாமல் மரத்தில் கட்டும் மறைப்பு) ஒட்டவும் ஆள் கூலிக்கும் பணம் தேவைப்படும். அந்த நேரத்தில் கடன் கேட்டு நிற்கக் கூடாது.

அனுப்புவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. மகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு இங்கே வரி கிடையாது, வருடத்தில் 10 லட்சம் வரை வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி டிசிஎஸ் (அனுப்பும்போதே வசூலிக்கும் முன்வரி) பிடிக்காது. ஆனால் அந்தச் செலவு டாலரில் வரும் செலவு. டாலரில் சம்பளம் வாங்குகிறவர் அதைச் சுமப்பதுதான் நியாயம். பென்ஷன்காரர் ரூபாயில் சேர்த்ததை உடைத்துக் கொடுக்கும் அளவுக்கு இது பெரிய தொகையும் இல்லை.

இனி ஒப்பந்தக் கணக்கு. பத்து வருடத்துக்கு 3,000 டாலர் ஆவது 2,500-க்குக் கிடைக்கிறது, 500 டாலர் லாபம் என்று தோன்றும். முன்கூட்டியே பணத்தைக் கொடுத்துவிடுவதால் இந்தத் தள்ளுபடியை வட்டியாக மாற்றிப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் நாலேகால் சதவீதம்தான் தேறும். அதுவும் மெஷின் பத்து வருடமும் ஓடினால். இங்கேதான் எனக்குக் கவலை. ஜியோதெர்மலில் இரண்டு பாகம் உண்டு. மண்ணுக்குள் புதைத்த பிளாஸ்டிக் குழாய்கள் 50 வருடத்துக்கு மேல் தாங்கும். வீட்டுக்குள் இருக்கும் மெஷினின் ஆயுள் ஏறக்குறைய 20 முதல் 25 வருடம். மகள் வீட்டு மெஷினுக்கு ஏற்கெனவே 15 ஆகிவிட்டது. ஆறாவது வருடம் கம்ப்ரசர் போய் மெஷினையே மாற்றினால், அதுவரை வந்த ஆறு சர்வீஸின் மதிப்பு 1,800 டாலர்தான். மீதி 700 டாலரைத் திருப்பித் தருவார்களா? புது மெஷினுக்கு அதே ஒப்பந்தம் செல்லுமா? வீட்டை விற்றால் வாங்குபவர் பெயருக்கு மாறுமா? இந்த மூன்றையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். உதிரி பாகம், கம்ப்ரசர், கேஸ் இதெல்லாம் ஒப்பந்தத்தில் அடக்கமா என்பதையும் படித்துப் பார்க்கட்டும். சோதனைக்கு வந்து போகும் கூலி மட்டும்தான் அடக்கம் என்றால், பெரிய செலவு வரும் நாளில் இந்தக் காகிதத்தால் ஒரு பிரயோஜனமும் இருக்காது.

அப்படியானால் வருடம் 300 டாலர் எதற்குத் தருகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஒஹையோவில் சில அடி ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பம் வருடம் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலே பனி கொட்டும்போது குழாயில் சுற்றும் தண்ணீர் அந்த வெப்பத்தை எடுத்து வரும், மெஷின் அதை உயர்த்தி வீட்டுக்குள் விடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று, நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கிறது என்பதுதான் இதன் லாபமே. மண்ணுக்குள் இருக்கும் குழாய்க்கு வழக்கமான சர்வீஸ் என்று எதுவும் இல்லை. வருகிற டெக்னீஷியன் பார்க்க வேண்டியவை வேறு: குழாய்க்குள் போகும் தண்ணீருக்கும் திரும்பி வரும் தண்ணீருக்கும் வெப்ப வித்தியாசம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, தண்ணீர் உறையாமலிருக்கக் கலந்த திரவம் போதிய அளவில் இருக்கிறதா, சுற்றோட்ட பம்ப் சத்தமில்லாமல் ஓடுகிறதா, மின் இணைப்புகள் இறுக்கமாக உள்ளனவா, காயிலில் அழுக்குப் படிந்திருக்கிறதா, ஈரம் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா. கிணற்றுத் தண்ணீரை நேராக எடுத்து விடும் அமைப்பு என்றால் வெப்பப் பரிமாற்றியில் உப்புப் படியும், அதைக் கழுவும் செலவு தனி.

இந்த எண்களை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். 'எல்லாம் ஓகே' என்று கையெழுத்துப் போட்டுப் போவதற்கு 300 டாலர் கொடுக்கக் கூடாது. வெயில் காலத்தில் பிளாஸ்டிக் குழாய் விரிந்து அழுத்தம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதனால் போன வருடம் இதே பருவத்தில் எடுத்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். அந்த நோட்டு வாரண்டி கேட்கும்போதும் வீட்டை விற்கும்போதும் உதவும்.

கேஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும். நம்மூரில் ஏசி சர்வீஸுக்கு வருபவர் வருடா வருடம் 'கேஸ் குறைஞ்சிருக்கு' என்பார் அல்லவா? கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, வண்டிக்குப் பெட்ரோல் போல எரிந்து தீராது. குறைந்தால் எங்கோ கசிவு என்று பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால், அங்கேயும் சரி இங்கேயும் சரி, பணம் காற்றோடு போகும்.

ஜனவரி பில்லுக்கு வருவோம். பெரும்பாலும் இதற்குக் காரணம் சின்னதாகவே இருக்கும். இந்த மெஷின்களோடு துணைக்கு ஒரு மின்சார ஹீட்டரும் இருப்பதுண்டு. மெஷினால் மட்டும் வீட்டைச் சூடாக்க முடியாதபோது அது தானாக எரியும். அது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும், அதனால்தான் பில் எகிறுகிறது. சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டில் 'ஆக்ஸ்' அல்லது 'எமர்ஜென்சி ஹீட்' என்று அடிக்கடி காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடும் குளிரில் கொஞ்ச நேரம் காட்டினால் பரவாயில்லை, நாள் முழுக்க எரிந்தால் கோளாறு. பிறகு ஏர் ஃபில்டரை வெளியே இழுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கட்டும். சாம்பல் நிறத்தில் பஞ்சு போல் தூசி அப்பி வெளிச்சம் தெரியாவிட்டால், காற்று போக வழியில்லாமல் மெஷின் திணறியிருக்கிறது. மாதம் ஒரு முறை பார்த்து, ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். மகளுக்கு நைட் டியூட்டி என்றால் இந்த வேலையை மருமகன் எடுத்துக்கொள்ளட்டும். ஃபில்டர் சுத்தமாக இருந்தும் ஹீட்டர் எரிந்தால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

நான் சொல்லும் வழி இதுதான். மகள் தன் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து மாதம் 60 டாலர் போட்டு வரட்டும். வருடத்துக்கு 720. சர்வீஸுக்கு 300 போக 420 மிஞ்சும். ஐந்து வருடத்தில் அது 2,100 டாலர், வட்டி தனி. பம்ப் போனாலும் கண்ட்ரோல் போர்டு போனாலும் அந்தப் பணம் கைகொடுக்கும். மெஷினை மாற்றும் நாளில் புதைத்த குழாயைப் பெரும்பாலும் அப்படியே பயன்படுத்தலாம், துளை போடும் பெரிய செலவு மறுபடி வராது. ஆனாலும் புது மெஷினுக்குக் கணிசமான தொகை வேண்டியிருக்கும். ஜியோதெர்மல் அமைப்பவர்களுக்கு அமெரிக்க அரசு தந்துவந்த 30 சதவீத வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அதை நம்பி யாராவது கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்.

பெற்ற மனசு கேட்காது, ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால், இந்த முதல் வருடச் சர்வீஸை மட்டும் நீங்கள் கொடுங்கள். 300 டாலர் என்பது உங்கள் ஒன்றரைக் காலாண்டு வட்டிக்குள் அடங்கிவிடும், அசலைத் தொட வேண்டாம்.

கடைசியாக, குலசேகரம் வீட்டுக்கு இது வேண்டுமா என்ற கேள்வி. வேண்டாம். கொஞ்சம் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் வருடச் சராசரியை ஒட்டி இருக்கும். நம் மாவட்டத்தில் அது 27, 28 டிகிரி. நமக்குச் சூடாக்கும் தேவையே இல்லை, குளிரூட்டத்தான் வேண்டும். 33 டிகிரி காற்றுக்குப் பதில் 28 டிகிரி மண்ணில் வெப்பத்தைத் தள்ளுவதால் வரும் சின்ன மிச்சத்துக்காகப் பாறை நிலத்தில் ஆழமாகத் துளை போடும் செலவு இந்த ஜென்மத்தில் திரும்பாது. படுக்கையறைக்கு ஒரு இன்வெர்ட்டர் ஏசி போதும். அதன் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாய்த் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், மழை ஓய்ந்த பிறகு வெளி யூனிட்டைச் சுத்தம் செய்ய ஆளைக் கூப்பிடுங்கள்.