கிளம்பும்போது கையோடு எதை எடுத்துப் போகலாம்?

கேள்வி: செந்தூலில் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகச் சின்ன அச்சகம் நடத்துகிறேன். கல்யாண கார்டு, கோயில் நோட்டீஸ், பில் புக், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், இவைதான் வேலை. டிசைன் சாப்ட்வேரை அந்தக் காலத்திலேயே மொத்த விலை கொடுத்து டிஸ்க்கோடு வாங்கினேன். அந்தக் கணினி இப்போது முக்கி முனகுகிறது. புதிதாக வாங்கப் போனால் மாதா மாதம் கட்டச் சொல்கிறார்கள். சைபர்ஜெயாவில் வேலை பார்க்கும் அக்கா மகன், "எல்லாத்தையும் ஓப்பன் சோர்ஸுக்கு மாத்திடுங்க மாமா, ஒரு காசு செலவில்ல" என்கிறான். மூல நிரலையே எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் சாப்ட்வேராம். ஓப்பன் சோர்ஸ் கம்பெனிகளே இப்போது கதவைச் சாத்துகின்றன என்று சொன்னதும் அவன்தான்! இதற்கிடையில் ஒரு ஏஜெண்டு, இ-இன்வாய்ஸ் (வரி வாரியத்துக்குக் கணினி வழியே அனுப்பும் பில்) கட்டாயம் என்று சொல்லி, கிளவுட் பில்லிங்குக்கு ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார். யாரை நம்புவது?
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஐயா, ஏஜெண்டுக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

மாத வாடகை முறை வந்ததற்கு ஒரு வகையில் உங்களைப் போன்றவர்கள்தான் காரணம். ஒரு முறை டிஸ்க் வாங்கிவிட்டுப் பத்து வருடம் அதையே வைத்துப் பிழைப்பை ஓட்டினால், விற்றவனுக்கு அடுத்த வருமானம் எங்கிருந்து வரும்? போட்டோஷாப் செய்யும் அடோபி 2013இல் அந்தக் கதவை மூடியது. இனிப் புதிய பதிப்பு சந்தாவில் மட்டும்தான் என்றது. 2023 கடைசியில் பிராட்காம் கம்பெனி, சர்வர் சாப்ட்வேர் விற்கும் விஎம்வேரை வாங்கிய கையோடு நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தியது. பெரிய பெரிய கம்பெனிகளின் ஐடி பிரிவே ஆடிப்போனது. பங்குதாரர்களுக்கு மாதா மாதம் நிச்சயமாக வரும் பணம் பிடிக்கும். இனி அவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள்.

வாடகை கொடுப்பதுகூட எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. மெஷினுக்கும் கடைக்கும் கொடுக்கிறோம்தானே. நீங்கள் செய்த வேலையும் அவர்கள் கையில் சிக்கிக்கொள்கிறதே, அதுதான் வம்பு. உங்கள் தொழிலிலேயே நடந்த கதை: 2022இல் அடோபிக்கும், அச்சு நிறங்களுக்கு எண் வைத்துத் தரும் பேண்டோன் கம்பெனிக்கும் இடையிலான ஏற்பாடு மாறியது. பழைய போட்டோஷாப் கோப்பைத் திறந்தவர்களுக்குப் பேண்டோன் நிறம் இருந்த இடமெல்லாம் கறுப்பாகத் தெரிந்தது. நிறம் வேண்டுமென்றால் பேண்டோனுக்குத் தனியாகச் சந்தா கட்டு என்றார்கள். டிசைன் செய்தவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, சந்தாவையும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்.

இதே அடோபிதான் பிடிஎஃபை உருவாக்கியது. 2008இல் அது உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் பொதுத் தரமானது. யார் வேண்டுமானாலும் பிடிஎஃப் எழுதும், படிக்கும் சாப்ட்வேர் செய்யலாம். அதனால்தான் நீங்கள் எதில் டிசைன் செய்தாலும் ஆப்செட்காரர் பிடிஎஃபை வாங்கிக்கொண்டு பிளேட் போடுகிறார். உங்கள் கல்லாவில் ஒட்டியிருக்கும் டூயிட்நாவ் கியூஆரும் இந்த ரகம். ஒவ்வொரு இ-வாலட்டுக்கும் தனித்தனி ஸ்டிக்கர் ஒட்டிய காலம் போய், 2019க்குப் பிறகு எந்த வங்கிக்காரரும் ஒரே கட்டத்தை ஸ்கேன் செய்து வெள்ளி (ரிங்கிட்) கொடுக்க வழி வந்தது. திறந்து வைத்தால் கூட்டம் வரும் என்றால் கம்பெனிகள் திறந்து வைக்கும். கூட்டம் சேர்ந்த பிறகு கதவைச் சாத்தினால் லாபம் என்றால் சாத்தும். இதில் கொள்கை, பாசம் எல்லாம் தேட வேண்டாம்.

தமிழ் அச்சுக்காரர்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் புதிதாக நடத்த வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் ஒவ்வொரு ஃபாண்ட்காரரும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தன் இஷ்டத்துக்குத் தமிழைப் போட்டு வைத்தார். வாடிக்கையாளர் ஒரு ஃபாண்டில் அடித்துக் கொண்டுவருவார், உங்கள் கணினியில் அந்த ஃபாண்ட் இருக்காது. மாப்பிள்ளை பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டியதுதான். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் இருந்தது. ஆனால் அது மேசைக்கு வந்து சேர வருடக்கணக்காகப் பலர் மெனக்கெட்டார்கள். முரசு அஞ்சல் என்ற தமிழ் சாப்ட்வேரைச் செய்த முத்து நெடுமாறன் நம் ஊர்க்காரர். 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான். இன்று வாட்ஸ்அப்பில் வரும் நோட்டீஸ் வாசகத்தை அப்படியே வெட்டி ஒட்டுகிறீர்களே, அது ஒரு பொதுத் தரத்தால் வந்த வசதி. உங்கள் பழைய கணினியில் எவ்வளவு கோப்பு இன்னும் பாமினி போன்ற பழைய ஃபாண்டில் கிடக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். சந்தாவைவிட அதுதான் அவசரம்.

சரி, உங்கள் அக்கா மகன் சொன்னதில் எது உண்மை? இரண்டும். ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் 2024 மார்ச்சில் உரிமத்தை இறுக்கியது. அதற்கு முந்தைய வருடம், கிளவுட் கருவிகள் செய்யும் ஹாஷிகார்ப் அதையே செய்தது. அமேசான் போன்ற கிளவுட் ராட்சதர்கள் எங்கள் நிரலை எடுத்து வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள், எங்களுக்குப் பைசா வரவில்லை என்பது அவர்கள் தரப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்து நடந்ததையும் தம்பி சொல்லியிருக்க வேண்டும். பழைய உரிமத்தில் வெளியான நிரலை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது. அதை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் வெளியேறியது. ரெடிஸிலிருந்து வால்கி பிறந்தது, ஹாஷிகார்ப்பின் டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு. ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக சாப்ட்வேர், ஆரக்கிள் கம்பெனி கைக்குப் போனபோது 2010இல் லிப்ரே ஆபீஸ் பிரிந்ததும் இப்படித்தான். 2025இல் ரெடிஸே மீண்டும் ஓர் ஓப்பன் சோர்ஸ் உரிமத்துக்கு வந்தது. கடைக்காரர் மனம் மாறினாலும் சரக்கு நம்மிடம் இருக்கும், அவ்வளவுதான் ஓப்பன் சோர்ஸ் தரும் உத்தரவாதம். காசு செலவில்லை என்பது வேறு பேச்சு. கற்றுக்கொள்ளும் நேரத்துக்கு உங்களுக்கு யார் சம்பளம் தருவார்?

உங்கள் அச்சகத்துக்கு என் யோசனை இது. பில் புக், ஆண்டு மலர் இரண்டையும் ஸ்கிரைபஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் பக்க வடிவமைப்பு சாப்ட்வேரில் முயன்று பாருங்கள். 2024இல் வந்த 1.6 பதிப்பு அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும், பழைய 1.4இல் தமிழ் உடையும். நாலு கலர் பிரிப்பும் அச்சுக்கான பிடிஎஃபும் அதில் ஒழுங்காக வரும். பேனருக்கு இங்க்ஸ்கேப் என்ற ஓப்பன் சோர்ஸ் வரைகலை சாப்ட்வேர் போதும், ஆனால் நாலு கலர் விஷயத்தில் அதை நம்பி ஆப்செட் வேலை கொடுக்காதீர்கள். கேன்வா 2024இல் வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கிய அஃபினிட்டி என்ற டிசைன் சாப்ட்வேரும் இருக்கிறது. அது இலவசம்தான், ஓப்பன் சோர்ஸ் இல்லை. எதைத் தொட்டாலும் முதலில் "ஸ்ரீ", "கொ", "சௌ" மூன்றையும் அடித்து, பிடிஎஃப் எடுத்து, தாளில் அச்சிட்டுப் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றால் மேலே பேசவே வேண்டாம்.

கல்யாண கார்டுக்கு உங்கள் கை பழகிய சாப்ட்வேர்தான் வேகம். முகூர்த்த மாதங்களில் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் சந்தா எடுங்கள், கவனமாக. மாதா மாதம் கட்டுவது போலத் தெரியும் திட்டம், ஒரு வருட ஒப்பந்தமாக இருக்கும், நடுவில் விலகினால் அபராதம் வரும். இதைச் சரியாகச் சொல்லாமல் மறைத்தார்கள் என்றுதான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 ஜூனில் அடோபி மீது வழக்குப் போட்டது. நினைத்த மாதம் நிறுத்தக்கூடிய திட்டம் விலை கூட, ஆனாலும் அதையே கேளுங்கள்.

பழைய கணினி மூச்சை விடுவதற்குள் அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்துவிடுங்கள். டிஸ்க் கையில் இருக்கிறதே, வேறு கணினியில் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். பல பழைய பதிப்புகளின் உரிமத்தைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷன் சர்வர்களையே மூடிவிட்டார்கள். அப்புறம் திரும்பத் திரும்ப வரும் வேலைகளை மட்டும் எடுங்கள்: பில் புக், கோயில் நோட்டீஸ், பள்ளி மலர். ஒவ்வொன்றுக்கும் மூலக் கோப்பு, ஃபாண்ட் உள்ளே பதிந்த பிடிஎஃப், யூனிகோடில் வாசகம், இந்த மூன்றும் இருக்கட்டும். என்றைக்கோ நடந்த கல்யாணத்துக் கார்டையெல்லாம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகளே இப்போது பள்ளிக்கூடம் போகும்.

இனி அந்த ஏஜெண்டு. இ-இன்வாய்ஸ் 2024 ஆகஸ்டில், வருடத்துக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்பவர்களிடம் தொடங்கிப் படிப்படியாகக் கீழே வந்தது. வருட விற்பனை 10 லட்சம் வெள்ளிக்குக் கீழே இருந்தால் இப்போதைக்கு விலக்கு உண்டு. உங்கள் கணக்காளரிடம் உங்கள் எண்ணிக்கையைக் காட்டி உறுதி செய்யுங்கள். கட்டாயம் வந்தாலும் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்தில் இலவசமாகவே பில் போடலாம். கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும், எப்படி இணைய வேண்டும் என்பதையெல்லாம் வாரியமே பொதுவில் வெளியிட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் அதற்கு சாப்ட்வேர் எழுதலாம். ஏஜெண்டிடம் மட்டும்தான் சாவி இருக்கிறது என்ற பேச்சை நம்பாதீர்கள்.

அப்படியும் அவருடைய பில்லிங் வசதியாகத் தெரிந்தால், உங்கள் கண் முன்னால் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். மாதிரிக்கு ஐந்தாறு பில் போட்டு, வாடிக்கையாளர் பட்டியலையும் பில்களையும் எக்செல் கோப்பாக இறக்கி, உங்கள் பென்டிரைவில் போட்டுக் கொடுக்கட்டும். சந்தாவை நிறுத்திய பிறகும் அதை எத்தனை நாள் எடுக்கலாம் என்று எழுதி வாங்குங்கள். வரிக் கணக்குப் பதிவுகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். மூன்றாம் வருடம் அவரை விட்டு விலகினால், மிச்ச வருடங்களுக்கு வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் அண்ணே" என்றால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இந்த மாற்று வேலைக்கு ஆடி முதல் பாதி தோது. கல்யாண கார்டு ஓய்ந்திருக்கும், அம்மன் கோயில் நோட்டீஸ் எல்லாம் ஆனியிலேயே முடிந்திருக்கும். அக்கா மகனை இரண்டு சனி ஞாயிறு வரச் சொல்லுங்கள். ஒரு காசு செலவில்லை என்று சொன்னவர் என்பதற்காகச் சும்மா வேலை வாங்கிவிடாதீர்கள், வெளியாளுக்குக் கொடுக்கிற கூலியையே அவருக்கும் கொடுங்கள்.